தேடி வருதலும் பற்றிக்கொள்ளுதலும்

வைணவத்தில் வடகலைக்கும் தென்கலைக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டால் நெற்றியில் இடும் நாமத்தைத்தான் பலரும் காட்டுவார்கள். உள்ளே இருக்கும் வழக்கு அதைவிடப் பெரியது. அருள் உயிரைத் தேடி வருகிறதா, உயிர் போய் அருளைப் பற்றிக்கொள்ள வேண்டுமா என்பதே அந்த வழக்கு. குரங்குக் குட்டி தாயின் வயிற்றைத் தானே இறுகப் பிடித்துக்கொள்ளும்; பிடி நழுவினால் கீழே விழும். பூனைக்குட்டி எதையும் பிடிப்பதில்லை. தாய்தான் அதன் பிடரியைக் கவ்வித் தூக்கிக்கொண்டு போகும். மர்க்கட நியாயம், மார்ஜார நியாயம் என்று இந்த இரண்டுக்கும் பெயர்; முன்னது வடகலையின் நிலை, பின்னது தென்கலையின் நிலை. உயிரின் பக்கத்திலிருந்து ஏதோ ஒரு சிறு முயற்சி, பெயருக்கு ஒரு காரணம் என்ற அளவில் ஒரு வியாஜமாவது இருக்க வேண்டும் என்றார் வேதாந்த தேசிகர். எந்தக் காரணத்தையும் எதிர்பாராமல் தானாக வருவதுதான் கிருபை என்றார் பிள்ளை லோகாசாரியர். 14ஆம் நூற்றாண்டில் டெல்லிப் படை திருவரங்கத்துக்குள் நுழைந்தபோது நம்பெருமாள் என்ற உற்சவ மூர்த்தியைக் காப்பாற்றி எடுத்துக்கொண்டு தெற்கே வந்த லோகாசாரியர், மதுரைக்குப் பக்கத்தில் ஜோதிஷ்குடி என்ற ஊரில் உயிர் நீத்தார் என்பது வைணவ மரபு. ஆனைமலைக்கு அருகே இருக்கும் கொடிக்குளம்தான் அந்த ஊர் என்று இன்றும் காட்டுகிறார்கள். ஆக, இந்த வாதத்தின் ஒரு பக்கம் மதுரை மண்ணில் வந்து சேர்ந்திருக்கிறது.

அதே வழக்கு இந்த நகரத்தில் ஒவ்வோர் ஆண்டும் பிளஸ் டூ முடிவு வெளிவரும் நாட்களில், சமயத்தின் பெயர் எதுவும் இல்லாமல், கல்லூரி மைதானங்களில் நடக்கிறது. 1881இல் தொடங்கிய அமெரிக்கன் கல்லூரி, 1889இல் வந்த மதுரைக் கல்லூரி, 1948இல் பெண்களுக்கென்று எழுந்த லேடி டோக், 1949இல் வந்த தியாகராசர் கல்லூரி என்று மதுரை கல்லூரிகளுக்குப் பெயர் போன ஊர். இங்கே மட்டுமல்ல, தமிழ்நாடு முழுவதுமே ஸ்போர்ட்ஸ் கோட்டா என்பது பள்ளியில் ஓடிய, தாண்டிய, பந்து அடித்த பிள்ளைகளுக்கு உயர்கல்வியில் திறந்திருக்கும் ஒரு தனி வாசல். பொறியியல் கலந்தாய்வில் மட்டும் 500 இடங்கள் விளையாட்டில் சிறந்தவர்களுக்கு ஒதுக்கப்படுகின்றன. அந்த வாசலின் வழியாக ஒருவர் உள்ளே போவது எதனால்? அவர் தன் உழைப்பால் ஈட்டியதா? பிறவியில் கிடைத்த உடம்பின் பலனா? யாரோ ஒருவர் கண்ணில் பட்ட அதிர்ஷ்டமா? தேர்ந்தெடுக்கப்படாத பிள்ளைக்குத் தேர்ந்தெடுத்தவர் ஏதாவது கடன்பட்டிருக்கிறாரா? இவை சேர்க்கை விதிகளைப் புரட்டி விடை காணும் கேள்விகள் அல்ல. நீதியைப் பற்றியும் அருளைப் பற்றியும் நாம் என்ன நம்புகிறோம் என்பதைப் பொறுத்தே இவற்றுக்கு விடை அமையும். என் வாதம் இதுதான்: தேடிப் போகும் கடமை தேர்வு செய்கிறவருடையது. அந்தக் கடமையை அவர் செய்து முடிக்காதவரை, தகுதியானவரைத் தேர்ந்தெடுத்தோம் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை அவருக்கு இல்லை.

வாசல் வரைக்கும் வரும் பாதையை முதலில் பார்க்க வேண்டும். ஒரு கிராமத்து அரசுப் பள்ளி மாணவிக்கு அது குறுவட்டப் போட்டியில் தொடங்குகிறது. செம்மண் மைதானத்தில் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டிருப்பார்கள். காலையில் நேராக இருந்த கோடு பத்து மணிக்குள் பிள்ளைகளின் காலடியில் கலைந்து, எது யாருடைய லேன் என்று தெரியாமல் போயிருக்கும். விசில்தான் துப்பாக்கி. ஓடுகிறவர்களில் பாதிப் பேருக்குக் காலில் எதுவும் இருக்காது. முடிவுக் கோட்டருகே உடற்கல்வி ஆசிரியர்கள் நின்று முதல் மூன்று பேரைத் தோளைத் தொட்டு நிறுத்துவார்கள். அந்த மூவரின் பெயர் எழுதப்படும். நான்காவது பிள்ளை அப்படியே கூட்டத்தில் கலந்துவிடும். குறுவட்டத்தில் வென்றால் வருவாய் மாவட்டம், பிறகு மண்டலம், பிறகு மாநிலம். கையில் கிடைக்கும் சான்றிதழ் எந்தப் போட்டி, எந்த இடம் என்பதைச் சொல்லும். எப்படிப்பட்ட தரையில், என்ன சாப்பிட்டுவிட்டு, எத்தனை நாள் பயிற்சியோடு அந்த இடம் வந்தது என்று சொல்லாது. கல்லூரி தன் பங்குக்கு ட்ரயல்ஸ் தேதியை அறிவித்து, சான்றிதழ்களோடு வரச் சொல்லிவிட்டுக் காத்திருக்கிறது. அறிவிப்பு எட்டிய பிள்ளை வருகிறது. பள்ளியில் அக்கறையுள்ள ஒரு பி.டி. மாஸ்டர் இருந்தால் எட்டும். அந்தப் பணியிடம் காலியாக இருந்தால் எட்டாது.

இந்தப் பாதையின் குறையையும் அதற்கான மாற்றையும் ஒரே வாழ்க்கையில் காண முடிகிறது. ரேவதி வீரமணி மதுரைக்குக் கிழக்கே உள்ள சக்கிமங்கலத்துப் பெண். சிறு வயதிலேயே தாயையும் தந்தையையும் இழந்தவர். கூலி வேலைக்குப் போன பாட்டி அவரையும் தங்கையையும் வளர்த்தார். பிள்ளைகளையும் வேலைக்கு அனுப்பச் சொன்ன உறவினர்களுக்கு அந்தப் பாட்டி இணங்கவில்லை. படிக்கத்தான் வேண்டும் என்று பள்ளிக்கு அனுப்பினார். பள்ளி இறுதி வகுப்பில் ரேவதி வெறுங்காலோடு ஓடியதைப் பார்த்தவர் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் பயிற்சியாளர் கண்ணன். பேத்தியை விளையாட்டுக்கு விட முதலில் பாட்டிக்குச் சம்மதமில்லை. கண்ணன் பேசிப் பேசி இணங்கவைத்தார். லேடி டோக் கல்லூரியில் இடமும் மதுரையில் விடுதியும் கிடைக்க வழி செய்தார். 2016இல் கோயம்புத்தூரில் நடந்த தேசிய ஜூனியர் போட்டியிலும் ரேவதி வெறுங்காலோடுதான் ஓடினார். அதற்குப் பிறகே ஷூவும் முறையான சாப்பாடும் அவருக்குக் கிடைத்தன. 2019இல் பாட்டியாலா தேசிய முகாமுக்குப் போனார். அங்கே பயிற்சியாளர் கலினா புகாரினா அவரை 400 மீட்டருக்கு மாறச் சொன்னார். அதே ஆண்டு தோஹாவில் நடந்த ஆசியப் போட்டியிலும் ஓடினார். 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் கலப்புத் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார். அந்த அணியின் நான்கு பேரில் ரேவதி, சுபா வெங்கடேசன், ஆரோக்கிய ராஜீவ் ஆகிய மூவரும் தமிழ்நாட்டுக்காரர்கள்.

இதைக் கேட்கிறவர்கள் ரேவதியின் விடாமுயற்சியைப் புகழ்கிறார்கள். புகழ வேண்டியதுதான். ஆனால் விடாமுயற்சி எந்த இடத்தில் நிகழ்ந்தது என்று பார்க்க வேண்டும். அவர் ஓடினார். ட்ரயல்ஸ் எங்கே, விண்ணப்பம் எங்கே என்று தேடிக்கொண்டு அவர் போகவில்லை. அப்படி ஒரு வாசல் இருப்பது தெரிந்திருந்தால்தானே போக முடியும்? தேசிகர் கேட்ட வியாஜம் அந்த வெறுங்கால் ஓட்டத்திலேயே நிறைவேறிவிட்டது. மிச்சம் அத்தனையும் மறுபக்கத்திலிருந்து வந்தது. இங்கே லோகாசாரியரின் ஒரு கருத்து எனக்கு மிகவும் உதவுகிறது. உயிர் செய்ய வேண்டியது என்று அவர் மரபு கேட்பது விலக்காமை ஒன்றைத்தான். வருகிற அருளைத் தடுக்காமல் இருந்தால் போதும். சக்கிமங்கலத்தில் முதலில் நடந்தது விலக்கல். பாட்டி வேண்டாம் என்றார். அவர் பக்கம் நியாயம் இருந்தது. பெண்பிள்ளையை மைதானத்துக்கு அனுப்பினால் ஊர் என்ன சொல்லும் என்பது ஒரு கவலை. ஓடி என்ன கிடைக்கப் போகிறது, நாளைக்குச் சோற்றுக்கு என்ன வழி என்பது அதைவிடப் பெரிய கவலை. கண்ணன் அந்தக் கவலைக்குப் பதில் கொண்டுவந்தார். கல்லூரியில் இடம், தங்க விடுதி. திறமை இருக்கிறது என்று பாராட்டிவிட்டுத் திரும்பியிருந்தால் அந்த வீட்டில் எதுவும் மாறியிருக்காது. தேடி வருகிறவர் மறுப்பை மதிக்க வேண்டும், மறுப்புக்குள் இருக்கும் கேள்விக்கு விடை சொல்லவும் வேண்டும். இரண்டையும் செய்தபோதுதான் அந்தத் தேடல் முழுமையானது.

இதற்கு எழும் முதல் மறுப்பு வடகலைப் பக்கத்திலிருந்து வருவது. தேடி வரட்டும் என்று பிள்ளைகளைக் காத்திருக்கச் சொன்னால் சோம்பலை வளர்க்க மாட்டோமா? அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் தங்கள் ஆட்டத்தை வீடியோவாகத் தொகுத்து, நேரங்களையும் மதிப்பெண்களையும் எழுதி, கல்லூரிப் பயிற்சியாளர்களுக்குத் தாங்களே அனுப்புகிறார்கள். கோடைக்கால முகாம்களுக்குப் போய்ப் பயிற்சியாளர் கண் முன்னால் ஆடிக் காட்டுகிறார்கள். நம் பிள்ளைகளும் தங்களைத் தாங்களே முன்னிறுத்தக் கற்றுக்கொள்ளட்டுமே? கற்றுக்கொள்ளட்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆள்வினையுடைமைக்கு ஓர் அதிகாரம் தந்த வள்ளுவர் ஊழுக்கும் ஓர் அதிகாரம் தந்தார் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பற்றிக்கொள்வதற்குக் கை வேண்டும். முகாமுக்குப் பணம், வீடியோவுக்குக் கருவி, கடிதத்துக்கு ஆங்கிலம், இதெல்லாம் செய்யலாம் என்று எடுத்துச் சொல்லும் பெற்றோர், இவை சேர்ந்ததுதான் அந்தக் கை. இன்னொன்றையும் கவனிக்கலாம். அமெரிக்காவில் பிள்ளைகள் ஒரு பக்கம் தேட, கல்லூரிகள் மறுபக்கம் அதைவிட வேகமாகத் தேடுகின்றன. அதனால்தான் அங்கே பல விளையாட்டுகளில் பத்தாம் வகுப்பு முடித்த ஆண்டின் ஜூன் 15 வருவதற்கு முன் பயிற்சியாளர் மாணவரோடு தானாகத் தொடர்புகொள்ளக் கூடாது என்று விதி போட வேண்டிவந்தது. தேடுகிறவர்களைக் கட்டுப்படுத்த அங்கே விதி வேண்டியிருக்கிறது. நம் பக்கத்தில் தேடுகிறவரே அரிது. 2016 கோயம்புத்தூர்ப் போட்டியையே எடுத்துக்கொள்வோம். ரேவதி வெறுங்காலோடு ஓடிய அதே போட்டியில், டெல்லியில் வளர்ந்த தமிழ்ப் பையன் தேஜஸ்வின் சங்கர் 2.26 மீட்டர் உயரம் தாண்டித் தேசிய சாதனை படைத்தார். அடுத்த ஆண்டே அவரைக் கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகம் உதவித்தொகை கொடுத்துச் சேர்த்துக்கொண்டது. 2018இலும் 2022இலும் அவர் அமெரிக்கக் கல்லூரிகளுக்கிடையேயான உயரம் தாண்டுதல் பட்டத்தை வென்றார். ஒரே மைதானம், ஒரே வாரம். ஒருவருடைய பெயர் கடல் கடந்து எட்டியது. இன்னொருவருக்குக் கால்களைத் தவிர வேறு எந்த விலாசமும் இல்லை. இருவரையும் ஒரே அளவு பற்றிக்கொள்ளச் சொல்வது பார்ப்பதற்குத்தான் சமநீதி.

இரண்டாவது மறுப்பு படிப்பின் பெயரால் வருகிறது. கல்லூரி அறிவுக்கான இடம். இரவெல்லாம் கண் விழித்துப் படித்து மதிப்பெண் வாங்கிய பிள்ளை வெளியே நிற்க, நீளமான கால்களோடு பிறந்த பிள்ளை உள்ளே போவது என்ன நியாயம் என்கிறார்கள். இதில் இரண்டு பிழைகள் இருக்கின்றன. உடம்பு மட்டும் பிறவியில் வந்தது, மூளை சொந்த சம்பாத்தியம் என்று எண்ணுவது முதல் பிழை. ஜான் ரால்ஸ் 1971இல் எழுதிய நீதிக் கோட்பாட்டு நூலில் சொன்னது இங்கே பொருந்தும்: இயற்கை பகிர்ந்தளித்த திறமைகளில் தனக்கு எது விழுந்ததோ அதற்கு யாரும் தகுதியால் உரிமை கோர முடியாது. கணக்கு சட்டென்று விளங்கும் தலையும் தசைநார் விரைவாகச் சுருங்கும் காலும் இந்த விஷயத்தில் ஒன்றுதான். ஊழ் என்றோ பிராரப்தம் என்றோ நம் முன்னோர் பெயரிட்டதும் இதைத்தான். ரால்ஸுக்கு மறுப்பாக ராபர்ட் நோசிக் 1974இல் எடுத்துக்காட்டியது வில்ட் சேம்பர்லின் என்ற கூடைப்பந்து வீரரைத்தான். மக்கள் தாமே விரும்பிக் காசு கொடுத்து அவர் ஆட்டத்தைப் பார்க்க வந்தால் அந்தக் காசு அவருக்குச் சொந்தமாவதில் என்ன தவறு என்று நோசிக் கேட்டார். நல்ல கேள்வி. ஆனால் அது பெயர் பெற்றுவிட்ட ஆட்டக்காரரைப் பற்றியது. மைதானத்துக்கு வந்து சேர முடியாத சேம்பர்லினைப் பற்றி அந்த வாதத்தில் ஒன்றுமில்லை. என் கவலையோ அந்த இரண்டாமவரைப் பற்றியது.

இரண்டாவது பிழை, ஓர் இடம் எதற்காக இருக்கிறது என்பதை மறப்பது. நல்ல புல்லாங்குழலை யாருக்குத் தருவது என்று அரிஸ்டாட்டில் கேட்டார். உயர்குடியில் பிறந்தவருக்கோ அழகானவருக்கோ அல்ல, நன்றாக வாசிப்பவருக்கே தர வேண்டும், குழல் இருப்பது வாசிப்பதற்காகத்தான் என்பது அவர் விடை. விளையாட்டுக்கென்று ஒதுக்கிய இடத்துக்கு விளையாட்டே அளவு. மகாபாரதத்தில் இளவரசர்களின் வித்தை அரங்கேற்றத்தின்போது கர்ணன் வில்லோடு வந்து நின்றான். அவன் காட்டிய வித்தையை அளவாகக் கொள்ளவில்லை. ஆசான் கிருபர் அவன் குலத்தைக் கேட்டார். வில்லுக்குச் சம்பந்தமில்லாத ஒன்றைத் தகுதி என்று நடுவில் கொண்டுவந்து வைத்த அந்தக் கணம்தான் அந்த அரங்கின் அநீதி. நம் காலத்தில் அது வேறு உருவில் வந்தது. சண்டிகரில் உள்ள பஞ்சாப் பொறியியல் கல்லூரி விளையாட்டுப் பிரிவில் சேரப் பிளஸ் டூவில் 75 விழுக்காடு வேண்டும் என்று நிபந்தனை போட்டது. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. விளையாட்டு ஒதுக்கீட்டின் நோக்கம் படிப்புத் தகுதிக்கு இடம் கொடுப்பதல்ல, விளையாட்டை வளர்ப்பது. நோக்கத்தோடு பொருந்தாத அளவுகோல் சமத்துவத்துக்கு எதிரானது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். கல்லூரியில் படித்துத் தேறும் அளவுக்கு அடிப்படை வேண்டும் என்று கேட்பது சரி. அதற்குமேல் கேட்பது கிருபரின் கேள்வி.

மூன்றாவது மறுப்பைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். தானாக வரும் அருள் என்று ஒரு மனிதரின் கையில் அதிகாரத்தைக் கொடுத்தால் அது சிபாரிசாகவும் லஞ்சமாகவும் முடியாதா? முடியும், முடிந்திருக்கிறது. 2019 மார்ச்சில் அமெரிக்காவில் வெளிப்பட்ட வழக்கில், ரிக் சிங்கர் என்பவர் பணக்காரப் பெற்றோரிடம் பணம் வாங்கிக்கொண்டு, அந்த விளையாட்டை முறையாக ஆடியே இராத பிள்ளைகளை வீரர்கள் என்று காட்டிப் பெரிய பல்கலைக்கழகங்களில் சேர்த்தது தெரியவந்தது. விளையாடுவதுபோல் படங்கள் ஒட்டித் தயாரிக்கப்பட்டன. யேல், ஸ்டான்ஃபோர்டு போன்ற இடங்களின் பயிற்சியாளர்களே அதற்கு உடந்தை. பயிற்சியாளர் காட்டும் பிள்ளைக்கு இடம் என்ற வழக்கம்தான் அந்த ஊழலுக்கு வழி விட்டது. ஆனால் இந்த வழக்கைக் கூர்ந்து பார்த்தால் ஒன்று புரியும். சிங்கரிடம் வந்தவர்கள் எல்லோரும் பற்றிக்கொள்ள வலுவான கை உள்ளவர்கள். தேடிப் போன பயிற்சியாளர் அங்கே யாரும் இல்லை; தன்னிடம் வந்து சேர்ந்தவர்களுக்குக் கதவைத் திறந்தவர்கள்தான் இருந்தார்கள். நாடிப் போவது ஒரு செயல், தேர்ந்தெடுப்பது வேறொரு செயல். நாடிப் போவதில் அளவு பார்க்கக் கூடாது. எந்தப் பள்ளி, எந்தச் சாதி, எந்தத் தெரு என்று கேட்காமல் போக வேண்டும். தேர்ந்தெடுப்பதில் அளவைத் தவிர வேறெதையும் பார்க்கக் கூடாது. ஸ்டாப் வாட்சும் அளவு நாடாவும் எல்லோர் முன்னாலும் பேச வேண்டும். அருளின் குணம் முதல் செயலுக்கு, நீதியின் குணம் இரண்டாவதற்கு. இரண்டையும் இடம் மாற்றி வைத்தால்தான், தெரிந்தவருக்கு மட்டும் அருளும் தெரியாதவருக்கு மட்டும் விதியும் என்று ஆகிவிடுகிறது.

தேர்ந்தெடுத்ததோடு முடிந்ததா? பூனை தன் குட்டியைப் பாதி வழியில் போட்டுவிட்டுப் போவதில்லை என்பதும் அந்த நியாயத்தில் அடங்கியதுதான். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் தேசிய அமைப்பு 1973இல் நான்கு ஆண்டு உதவித்தொகையை ஓராண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பதாக மாற்றியது. அப்படியென்றால் முதல் ஆண்டில் முழங்கால் தசைநார் அறுந்த பிள்ளை இரண்டாம் ஆண்டில் பயிற்சியாளரின் தயவில் நிற்க வேண்டும். பல ஆண்டு உதவித்தொகை தர மறுபடி அனுமதி வந்தது 2012இல்தான். மனிதரை வெறும் கருவியாகப் பயன்படுத்தக் கூடாது என்ற கான்ட்டின் கட்டளைக்கு இதைவிட நேரான எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம். கோப்பை வாங்கும்வரை மகள், கால் ஒடிந்தால் அந்நியள் என்று நடத்துகிற கல்லூரி ஓர் ஆளைச் சேர்க்கவில்லை, இரண்டு கால்களைக் கூலிக்கு எடுத்திருக்கிறது. நம் ஊரிலும் பல்கலைக்கழகப் போட்டிப் புள்ளிக்காகச் சேர்த்த பிள்ளை வகுப்பில் உட்காராமலே மூன்று ஆண்டு ஓட்டி, அரியர் தாள்களோடு வெளியேறும் நிலை வந்தால், அதற்கும் இதே தீர்ப்புத்தான். மெஸ் இலவசம் என்பது உதவி. போட்டிக்குப் போன நாட்களின் பாடத்தை உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பது கடமை. அடிபட்டு ஆட முடியாமல் போன பிறகும் பட்டம் வாங்கும்வரை இடத்தையும் விடுதியையும் காப்பதும் அதே கடமையின் பகுதி. கல்லூரி தேடிப் போய் ஒரு வீட்டின் மறுப்பை மாற்றியிருந்தால், அந்த வீடு விட்டுக்கொடுத்த மாற்று வழிகளுக்கும் அதுவே பொறுப்பு.

இனி இருப்பது எல்லாவற்றிலும் கடினமான மறுப்பு. தென்கலைக் கொள்கையை எதிர்த்தவர்கள் அன்றே கேட்டது அது. காரணம் இல்லாமல் அருள் வருமென்றால், ஒருவருக்கு வந்து மற்றவருக்கு ஏன் வரவில்லை? அப்படியென்றால் இறைவன் பாரபட்சம் உள்ளவனா? பிரம்ம சூத்திரம் இரண்டாம் அத்தியாயத்திலேயே இந்தக் குற்றச்சாட்டை எடுத்துக்கொண்டு, உயிர்களின் வினைக்கேற்பவே எல்லாம் அமைகிறது, ஆகவே பாரபட்சமும் இரக்கமின்மையும் இறைவனுக்கு இல்லை என்று பதில் சொல்கிறது. அந்தப் பதிலை ஏற்பதும் ஏற்காததும் அவரவர் நம்பிக்கை. ஆனால் ஒரு கல்லூரியின் உடற்கல்வி இயக்குநர் அந்தப் பதிலைச் சொல்ல முடியாது. பத்து இடம் இருக்கும்போது பதினோராவது பிள்ளையைத் திருப்பி அனுப்பியதற்கு அவளுடைய முன்வினையைக் காரணம் காட்ட எந்த மனிதருக்கும் உரிமை இல்லை. ரேவதியைக் கண்ணன் பார்த்த நாளில் வேறொரு மைதானத்தில் யாரும் பார்க்காமல் ஓடி முடித்து வீட்டுக்குப் போன பெண்கள் இருந்திருப்பார்கள். அவர்களுக்கு நேர்ந்ததைத் தோல்வி என்று சொல்லக் கூடாது. அவர்கள் போட்டிக்குள்ளேயே எடுத்துக்கொள்ளப்படவில்லை. இறைவனின் பார்வைக்கு எல்லை இல்லை என்பதால் அவன் பாரபட்சத்தைப் பற்றி வாதிடலாம். மனிதரின் பார்வைக்கு எல்லை இருப்பதால், அந்த எல்லையைத் தள்ளிக்கொண்டே போவது மட்டும்தான் அவர் பாரபட்சம் இல்லாதவர் என்பதற்குச் சான்று.

நடைமுறையில் இது பெரிய செலவுள்ள காரியம் இல்லை. குறுவட்டப் போட்டிகள் நடப்பது கல்வியாண்டின் முதல் பாதியில். கல்லூரிச் சேர்க்கை அதற்குப் பல மாதம் கழித்து. நடுவில் உள்ள அந்த மாதங்களில் மதுரைக் கல்லூரிகளின் உடற்கல்வி இயக்குநர்கள் மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், வாடிப்பட்டி பக்கம் தங்களுக்குள் பிரித்துக்கொண்டு போய் நிற்கலாம். டவுன் பஸ் போகும் தூரம்தான். முதல் மூன்று பேரோடு நிறுத்தாமல் ஓடிய எல்லோருடைய நேரத்தையும் குறித்துக்கொள்ளலாம். ஒரு வேகமான பிள்ளையோடு ஓடி நான்காவதாக வந்தவள், பக்கத்து வட்டத்தில் ஓடியிருந்தால் முதலாவதாக வந்திருப்பாள் என்பது அந்தக் குறிப்பில்தான் தெரியும். ட்ரயல்ஸ் முடிந்ததும் எல்லோருடைய அளவையும் பலகையில் ஒட்ட வேண்டும். எடுக்கப்பட்டவர்களின் பெயரை மட்டும் ஒட்டினால் மற்றவர்களுக்கு அது வெறும் கதவடைப்பு. தன் கல்லூரியில் இடம் இல்லாத பிள்ளையின் விவரத்தை அடுத்த கல்லூரிக்குச் சொல்வதில் போட்டி மனப்பான்மை குறுக்கே வரும் என்பது தெரியும். அதனால் அதை அந்தப் பிள்ளையின் கையிலேயே கொடுத்துவிடலாம்: ஓடிய தூரம், எடுத்த நேரம், தேதி, மைதானம், கீழே இயக்குநரின் கையெழுத்து. தான் பதினோராவது ஆள் என்பதும், பத்தாவது ஆளுக்கும் தனக்கும் நடுவில் எத்தனை நொடி என்பதும் அவளுக்குத் தெரிய வேண்டும். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அவள் அடுத்த கல்லூரியின் ட்ரயல்ஸுக்குப் போகலாம்.